டாக்டர் சூசைமரியானும் இடப்பக்க நத்தையும்

சூசைமரியான் சார் குழாயைத் திறப்பதைப் பார்க்க வேண்டும். திருகின் மேல் விரல் நுனிகளை மட்டும் வைப்பார். முன்பக்கம் ஒரு மயிரிழை. நிறுத்துவார். பின்பக்கம் அரை மயிரிழை. தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்ப்பார். மறுபடி முன்பக்கம், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு அசைவு. தண்ணீர் நடுங்காமல் கண்ணாடிக் கம்பியாக வாளிக்குள் நிற்கும்போதுதான் கையை எடுப்பார். அப்படி நிற்கிற தண்ணீரில் வாளி நிறைவதற்குள் பின்னால் துண்டோடு நிற்பவனுக்குத் தாடி வளர்ந்துவிடும். கேஸ் அடுப்பு, ரேடியோ, அடுத்தவர் வீட்டு மின்விசிறி, திருகக்கூடியது எதுவானாலும் இதே கதிதான். ஒருமுறை பூசை நடுவே மைக் செட்டில் கை வைத்துப் பங்குச் சாமியாரின் பிரசங்கத்தைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்கிவிட்டார் என்று கேள்வி. சபையில் யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லையாம்.

அந்த விரல்களைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது வருடமாக அவை மைக்ராஸ்கோப்பின் திருகில் குடியிருந்தன. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர் அவர். நான் வங்கி வேலையில் சேர்ந்து அவர் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வந்தது தொண்ணூற்று ஐந்தில்.

சாருடையது கல்லல் பக்கம் வேளாண்மை பார்த்த கத்தோலிக்கக் குடும்பம். மூத்த மகனைச் சாமியாருக்குக் கொடுத்தார்கள். அடுத்த மகளைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்தார்கள். மூன்றாவதைக் கேட்டு யாரும் வரவில்லை. அவர் தானாகவே நத்தைகளிடம் போனார்.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாரே, அன்றைக்கே தெரு அவரை டாக்டர் ஆக்கிவிட்டது. முதலில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். வருடங்கள் போகப் போக அந்தச் சொல்லில் மரியாதை வற்றிச் சிரிப்பு ஊறியது. எதிர்வீட்டுச் சிட்டாளுக்கு மட்டும் சிரிப்பெல்லாம் இல்லை. அவள் நிஜமாகவே நம்பினாள். இருமல் வந்தால் வாசலில் நின்று நாக்கை நீட்டுவாள். அவரும் நாக்கைப் பார்த்துவிட்டு மிளகும் தேனும் சாப்பிடச் சொல்வார். நத்தைக்கும் நாக்கு உண்டு, அதில் ஆயிரக்கணக்கில் பல் உண்டு என்று உபரியாக ஒரு தகவலும் கொடுத்து அனுப்புவார்.

தொண்ணூற்று ஆறின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் கையை விரித்தது. இதுதான் கடைசி நீட்டிப்பு. அடுத்த வருடக் கோடைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்து வாய்மொழித் தேர்வையும் முடிக்க வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து. அவர் மனைவி மெர்சி பள்ளி ஆசிரியை. அதைக் கேட்டுவிட்டு அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"பட்டம் கிடைக்காட்டி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்தத் தெருவுல சாகுற வரைக்கும் உங்கள டாக்டர்னுதான் கூப்பிடுவாக. கல்லறையிலயும் எழுதிப்புடுவாக. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

 அவர் ரேடியோவின் திருகை முன்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தினார்.

இத்தனை வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை. நத்தை தேடினார். நாச்சியாபுரம், இளையாத்தங்குடி என்று ஓர் ஊரணி விடாமல் முழங்கால் தண்ணீரில் நின்று அல்லி இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நத்தை முட்டையிடுவது இலையின் அடியில்தான்: ஜவ்வரிசிக் கஞ்சி உறைந்ததுபோல் ஒரு கூழ், அதற்குள் கண்ணாடி மணிகளாக முட்டைகள். ஒரு நாள் நேமத்தான்பட்டி ஊரணியில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பொறுக்க முடியாமல் கேட்டார்கள்.

"என்னத்தய்யா தொலைச்சீக?"

"நத்தை."

"எங்க ஊர் நத்தையா, உங்க ஊர் நத்தையா?"

அந்த ஊரணியில்தான் அது கிடைத்தது. சாதாரணமாக இந்த வகை நத்தையின் ஓட்டை, கூர் நுனி மேலே இருக்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் இருக்கும். நேமத்தான்பட்டியில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ இடப்பக்கம் வாய் வைத்திருந்தன. அதே நத்தை, அதே சேறு, அதே பாசி. ஆனால் முழு உடம்பும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிக் கிடந்தது. சூசைமரியான் அன்று வீட்டுக்கு ஈரக் கால்சட்டையோடு வந்து, விருந்தாளி வந்திருப்பதுபோல் அவற்றுக்குத் தனித் தொட்டி போட்டார். மெர்சியின் சலவைத் தொட்டி அது; அன்று முதல் அது இடது தொட்டி, மற்ற நத்தைகள் இருந்தது வலது தொட்டி.

எந்தப் பக்கம் சுருள வேண்டும் என்று நத்தை எப்போது முடிவெடுக்கிறது? இதுதான் கேள்வி. ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் நத்தைக் குடும்பத்தில் ஒரு கோளாறு உண்டு. குஞ்சின் பக்கத்தைத் தீர்மானிப்பது தாய்வழி வந்த குணம். அது தாயின் ஓட்டிலேயே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு தலைமுறை தள்ளித்தான் வெளியே வரும். ஆகவே இடது ஓட்டுத் தாய்க்கு வலது பிள்ளைகள் பிறக்கலாம். வலது ஓட்டுத் தாய்க்கு இடது பிள்ளைகளும் பிறக்கலாம். மெர்சி இதைக் கேட்டுவிட்டு, இவர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் புத்தி ஒரு தலைமுறை தள்ளித்தான் வருகிறது, அதுபோலவா என்றாளாம்.

முட்டையைத்தான் பார்க்க வேண்டும் என்றார் சூசைமரியான். ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது. நான்கு எட்டாகும்போது மேலே புதிதாக நான்கு சின்னச் செல்கள் கிளம்புகின்றன. அவை கீழ் நான்கின் தலையில் நேராக உட்காருவதில்லை. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குகிறவன் மேல் வரிசையைக் கீழ் வரிசையின் பள்ளத்தில் வைப்பான் அல்லவா, அதுபோல் கொஞ்சம் நழுவிப் பள்ளத்தில் அமர்கின்றன. அந்த நழுவல் வலப்பக்கமா இடப்பக்கமா? அங்கே தீர்மானமாகிறது முழு நத்தையும்.

வெள்ளைக்காரர்கள் இதை எப்போதோ பார்த்துவிட்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கொன்று, சாயம் ஏற்றி, வைத்துப் பார்த்தது. "செத்தவனப் பாத்து அவன் எந்தக் கால எடுத்து வச்சு நடந்தான்னு சொல்ற மாதிரி," என்பார். நம் ஊரணி நத்தையை உயிரோடு, நடக்கிற நேரத்தில், மேலிருந்து அடிவரை பார்க்க வேண்டும்.

சொல்வது எளிது. மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் ஒரு தளம்தான் தெளிவாகத் தெரியும். மேல் நான்கு தெளிந்தால் கீழ் நான்கு பனிமூட்டம். ஆகவே நுண்திருகைத் திருகித் திருகி மேலிருந்து அடிக்கு ஐந்து படி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு படம். கொஞ்சம் பொறுத்து மறுபடி மேலிருந்து ஐந்து படி. இப்படி விடாமல் செய்தால் நீளம், அகலம், ஆழம், காலம் நான்கும் கைக்கு வரும். நடுவில் விளக்கை அணைத்துவிட வேண்டும், பல்பின் சூட்டில் முட்டை வெந்துவிடும். முதல் மாதம் அவர் செய்தது ஆராய்ச்சியில்லை, ஆம்லெட் என்றாள் மெர்சி.

மேசை அசையவும் கூடாது. கிரைண்டர் ஓடினால் செல்கள் குத்தாட்டம் போட்டன. படம் எடுக்கும் நாட்களில் அந்த வீட்டில் சட்னி கிடையாது, இட்லிப் பொடிதான். படத்துக்கும் படத்துக்கும் இடைவெளியை அளக்க ஓர் அலாரம் கடிகாரம் வைத்தார்; அது அடித்த அடியில் முட்டை மேசையின் மறுபக்கத்துக்கு உருண்டது. கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம் என்றால் கண்ணை எடுத்த நேரத்தில் கவனம் போனது. கடைசியில் பொறுப்பு மெர்சியிடம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். ஒரு பரலோக மந்திரம், பத்து அருள்நிறை மந்திரம், ஒரு திரித்துவப் புகழ்: ஒரு தேவ ரகசியம் முடிந்தது என்று அவள் விரலால் தட்டினால் இவர் விளக்கைப் போடுவார். ஆய்வேட்டில் "சுமார் நான்கு நிமிட இடைவெளியில்" என்று எழுதியிருப்பது இதைத்தான். செவ்வாய், வெள்ளியில் சொல்லும் துக்க ரகசியங்களில் மெர்சி துல்லியத்தில் கடிகாரத்தைத் தோற்கடிப்பாள். மகிமை ரகசியங்களில், அடுப்பில் சோறு இருந்தால், கொஞ்சம் வேகமெடுப்பாள். அந்த நாட்களின் படங்களில் செல்கள் சோம்பலாகப் பிரிவதுபோல் தெரியும்.

எல்லாம் கூடியது. காமிரா இல்லை. அதற்குத்தான் வேல்பாண்டி வந்தான். கல்யாண வீடியோ எடுப்பவன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவன் ஸ்டுடியோ. இளையாத்தங்குடி முதல் நேமத்தான்பட்டிவரை யார் தாலி கட்டினாலும் தோளில் காமிராவோடு மணமகனைவிட முன்னால் நிற்பவன். ஆடி மாதம் யாரும் கல்யாணம் பண்ணுவதில்லை. காமிராவும் வேல்பாண்டியும் சேர்ந்து தூங்குகிற மாதம் அது. அந்த ஒரு மாதம் நத்தைக்கு என்று பேச்சானது. ஆக, ஊரணி நத்தை எந்தப் பருவத்தில் முட்டையிடும் என்பதைக் காரைக்குடியில் பஞ்சாங்கம் தீர்மானித்தது.

ஸ்டாண்டில் காமிராவை நிறுத்தி, மைக்ராஸ்கோப்பின் கண்ணோடு அதன் கண்ணை ஒட்டிக் கறுப்புத் துணியால் சுற்றினார்கள். வேல்பாண்டி முதல் நாள் தொலைக்காட்சிப் பெட்டியில் வந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, இதில் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று கேட்டான். எல்லாம் ஒரே முட்டைதான் என்றார் இவர். பிறகு எதற்குப் பிரிகிறது என்றான் அவன். 

அந்த ஆடியில் அவர்கள் பிடித்துவிட்டார்கள். மேல் நான்கும் கிளம்பி, தயங்கி, ஒரு பெருமூச்சுபோல் உப்பி, இடப்பக்கம் நழுவிப் பள்ளத்தில் அமர்ந்ததை நானும் பார்த்தேன். அவ்வளவு பெரிய முடிவு அவ்வளவு சின்ன நகர்வில் நடந்ததை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த முட்டையிலிருந்து வந்த குஞ்சும் இடப்பக்கம்தான் சுருண்டது. அதன் பிறகு சூசைமரியான் கேசட்டை நிறுத்தி நிறுத்தி, கழுவிய எக்ஸ்ரே தாள்களைத் திரையில் ஒட்டி, ஒவ்வொரு படியையும் வரைந்தார். தாள்களுக்கு நடுவில் தீக்குச்சித் துண்டுகள் வைத்து அடுக்கினால் எட்டுச் செல்லும் உருண்டையாக எழுந்து நின்றன. சரியாகக் கழுவாத ஒரு தாளில் மட்டும் யாருடைய விலா எலும்போ தெரிந்தது. செல்களுக்கு நடுவே அந்த ஆளும் இருமிக்கொண்டு நின்றார்.

ஆய்வேடு போனது. தொண்ணூற்று ஏழு சித்திரையில், கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில், வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் சத்தியமூர்த்தி வந்தார். ஒல்லியானவர், சிரிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதுபோல் இருப்பவர். பொதுத் தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். கல்லூரிக்கு விடுமுறை, மாணவர்கள் நாலைந்து பேர்தான். வீடியோ போடுகிறார்களாம் என்று கேட்டு எங்கள் தெருவே வந்து நாற்காலிகளை நிரப்பியது. சிட்டாள் முதல் வரிசை.

பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு, அசலை வாங்கிப்போய்த் தேர்வுக்கென்று தொகுத்து வேல்பாண்டி அன்று காலையில்தான் கொண்டுவந்து சேர்த்த கேசட்டைப் போட்டார்கள். சொன்ன நாளில் கேசட் கொடுத்தால் வீடியோக்காரனுக்கு மதிப்பு போய்விடும் என்பது அவர்கள் தொழிலின் மரபு. எனவே சாருக்கே அதை முன்கூட்டிப் பார்க்க வாய்க்கவில்லை. திரையில் ரோஜாக்கள் விரிந்தன. நாதஸ்வரம் ஒலித்தது. "சூசைமரியான் எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., அவர்களின் நத்தைக் கரு வளர்ச்சி விழா" என்று எழுத்துகள் சுழன்று வந்து நின்றன. இதய வடிவச் சட்டத்துக்குள் முட்டை தெரிந்தது. தெரு கை தட்டியது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது. மேல் நான்கும் கிளம்பின, தயங்கின, வலப்பக்கம் நழுவின.

"மிஸ்டர் சூசைமரியான்," என்றார் சத்தியமூர்த்தி, "நீங்க எழுதினது இடப்பக்கம். படத்துல வலப்பக்கம் போகுது."

சூசைமரியான் தொலைக்காட்சியின் அருகில் போனார். அதன் திருகைப் பிடித்து முன்பக்கம் ஒரு மயிரிழை, பின்பக்கம் அரை மயிரிழை. வெளிச்சம் கூடியது, குறைந்தது. செல்கள் வலப்பக்கமே போயின. கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டார்கள். மறுபடியும் வலப்பக்கம். அறையில் எல்லோரும் காற்றில் விரலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மைக்ராஸ்கோப் எதையும் தலைகீழாகத்தானே காட்டும், அதனால் இருக்குமோ என்று ஒரு மாணவன் உதவிக்கு வந்தான். தலைகீழாகத் திருப்பினால் கடிகாரம் எதிர்ப்பக்கம் ஓடாது தம்பி, கண்ணாடியில் பார்த்தால்தான் ஓடும் என்று சூசைமரியானே அந்த உதவியை உடைத்துப் போட்டார். நெற்றி வேர்த்திருந்தது.

பின்வரிசையில் வேல்பாண்டி எழுந்தான்.

"அது இடமாத்தேன் சுத்துச்சு சார். நாந்தேன் திருப்பி விட்டேன்."

"ஏன்?" என்றார் சத்தியமூர்த்தி.

"நல்ல காரியம். சாரு இத்தன வருசம் பாடுபட்டு முடிக்கிற நேரம். இடமாச் சுத்துனா நல்லாவா இருக்கும்?"

அவன் விளக்கினான். கோயிலானாலும் ஓமகுண்டமானாலும் வலம்தான் வர வேண்டும். மதுரையில் வாங்கிவந்த மிக்ஸிங் பெட்டியில் படத்தை இடவலமாக மாற்ற ஒரு பொத்தான் உண்டு. முன்பு ஒரு மாப்பிள்ளை இடது கையால் மணமகளுக்குப் பொட்டு வைத்துவிட, பெண் வீட்டார் கேசட்டைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார்களாம். அவன் அந்த இடத்தை மட்டும் திருப்பிப் போட்டுக் கொடுத்தான். மாப்பிள்ளை வலது கைக்காரர் ஆனார். மணப்பெண்ணின் முந்தானை தோள் மாறியதை அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து இடமாக எது வந்தாலும் அவன் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போய்விடும்.

அசல் கேசட் எங்கே என்று கேட்டார்கள். அதன் மேல் தை மாதம் நாச்சியாபுரத்துக் காதுகுத்து ஒன்றை எடுத்துவிட்டதாகச் சொன்னான். தெரு சிரித்தது. சூசைமரியான் சிரிக்கவில்லை. இப்போதே எடுத்துப் போய்த் திருப்பியதைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றான் வேல்பாண்டி.

"ஒரு தடவை திருப்பினேன்னு நீங்க சொல்றீங்க," என்றார் தேர்வாளர். "ரெண்டு தடவை திருப்பலைன்னு யார் சொல்றது?"

எக்ஸ்ரே தாள் அடுக்கைக் காட்டினார் சூசைமரியான். சத்தியமூர்த்தி அதில் ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். புரட்டினார். ஊடுருவித் தெரிகிற தாளுக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது? புரட்டி அடுக்கினால் இடது வலதாகிவிடும். தாளைப் பதமாக வைத்துவிட்டு, தன்னால் இப்படியே கையெழுத்துப் போட முடியாது, ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றார். கடைசி நீட்டிப்பு என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். திருப்பி அனுப்பினால் முடிந்தது கதை.

பஜ்ஜித் தட்டுகளை எடுத்து வந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உயிரோட முட்டை இருக்கா?" என்று திடீரென்று கேட்டார் சத்தியமூர்த்தி. "இடப்பக்கம் திரும்புற முட்டை ஒண்ணே ஒண்ணு, என் கண்ணால பார்த்தாப் போதும்."

சூசைமரியான் வேல்பாண்டியைப் பார்த்தார். வேல்பாண்டி மொபெட்டுக்கு ஓடினான். வீட்டில் தேர்வாளருக்காகப் பிரியாணி தம்மில் போட்டிருந்த மெர்சியிடம், இடது தொட்டியில் அன்று இட்ட முட்டை இருந்தால் வேண்டும் என்று சொல்ல வேண்டியது. சற்று நேரத்தில் பின்னால் மெர்சி உட்கார்ந்து வந்தாள். மடியில் ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் தண்ணீரும் இலைத் துணுக்கும். கணவரின் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுச் சிட்டாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கூழுக்குள் பெரும்பாலான முட்டைகள் நான்கு செல்லில் நின்றன. சூசைமரியான் ஒன்றைப் பிரித்துக் குழிக்கண்ணாடியில் வைத்தார். துறையின் மைக்ராஸ்கோப்பில் காமிரா கட்டினார்கள். மின்விசிறி மேசையை ஆட்டியதால் அணைக்கச் சொன்னார்கள். காரைக்குடிச் சித்திரை வெயில் அறைக்குள் வந்து நாற்காலி கேட்டது. வேல்பாண்டியைப் பொத்தான்கள் எதற்கும் எட்டாத தூரத்தில் நிறுத்தினார்கள்.

எது உச்சி என்று கேட்டார் தேர்வாளர். கேட்க வேண்டிய கேள்வி. அடியிலிருந்து பார்த்தால் எல்லாமே மாறிவிடும். சூசைமரியான் திருகை மெல்லத் தூக்கினார். செல்களின் தலையில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் பொட்டு தெளிந்தது. அது ஒட்டியிருக்கிற பக்கம்தான் உச்சி. சத்தியமூர்த்தி அவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து திருகைப் பிடித்துக்கொண்டார். பொட்டு, மேல் தளம், நடு, அடி. மறுபடி மேலே. அந்தக் கையும் முன்பக்கம் ஒரு மயிரிழை, பின்பக்கம் அரை மயிரிழை போனது. இந்த நோய் தொற்றக்கூடியது போலிருக்கிறது.

"இடைவெளிய எப்படி அளந்தீங்க?"

"ஜெபமாலை சார்."

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். மெர்சியின் உதடுகள் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தன. அவள் விரல் தட்டியதும் விளக்கைப் போட்டார்கள். சத்தியமூர்த்தி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது தட்டலிலிருந்து அவர் கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை.

நான்கும் சும்மாவே நின்றன. அடுத்த தட்டலிலும் சும்மா. தெருவில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டு, போக மனமில்லாமல் திரும்பி வந்தார்கள். சூசைமரியான் சுவரில் சாய்ந்து நின்றார். திருகுவதற்கு எதுவும் இல்லாமல் அவர் விரல்கள் சட்டைப் பித்தானைத் திருகின. பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக வந்தவர் பஜ்ஜியை எட்டிப் பார்த்தார், கூச்சப்பட்டு விலகினார்.

பிறகு ஒரு தட்டலில் விளக்கு எரிந்தபோது செல்களின் தலைகள் சற்றே உப்பியிருந்தன. அடுத்ததில் மேலே நான்கு சின்ன மேடுகள். சிட்டாள் கால்களை இறக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மெர்சியின் மணிகள் வேகமெடுக்கவில்லை. அன்றைக்கு அடுப்பில் தம் இருந்தும்கூட. அடுத்த தட்டல். சத்தியமூர்த்தி திருகை மேலே தூக்கினார், கீழே இறக்கினார், மறுபடி மேலே. மேல் நான்கும் கீழ் நான்கை விட்டு நகரத் தொடங்கியிருந்தன. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத அளவு. எல்லோர் கண்ணும் திரையைத் தின்றது.

அடுத்த தட்டலில் சந்தேகமே இல்லை. இடப்பக்கம். நான்கும் ஒரே மனதாக, வரிசையில் நகர்ந்து உட்காருகிற பள்ளிப் பிள்ளைகள்போல் இடப்பக்கம் நகர்ந்து, பள்ளத்தில் அமர்ந்துவிட்டன.

சத்தியமூர்த்தி காமிராவை அவிழ்க்கச் சொல்லி நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

"டாக்டர் சூசைமரியான்," என்றார், "அந்த ஃபேனைப் போடச் சொல்லுங்க."

தெருவுக்கு முதலில் புரியவில்லை. இவர்கள் கூப்பிடுகிற அதே பெயர்தானே. சூசைமரியானுக்குப் புரிந்தது. அவர் மின்விசிறியின் திருகிடம் போய், எல்லோரும் வேர்த்து வழிய, முன்பக்கம் ஒரு மயிரிழை வைத்தார். மெர்சி எழுந்து போய் அவர் கையை விலக்கிவிட்டு ஒரே திருப்பாகக் கடைசிவரை திருப்பினாள்.

பட்டம் வந்தது. சம்பளத்தில் ஏதோ கூடியது. சிட்டாள் முன்புபோலவே நாக்கை நீட்டினாள். அடுத்த ஆடியில் வேல்பாண்டி காமிராவோடு வந்து நின்றான்; வேறு நத்தைக்குப் போனார்கள். அவனுடைய விசிட்டிங் கார்டில் "திருமணம், பூப்பு நீராட்டு, காதணி, கரு வளர்ச்சி" என்று ஒரு சொல் கூடியிருந்தது. அந்தக் கடைசிச் சொல்லை நம்பி ஸ்கேன் எடுக்கிற இடமென்று வந்து நின்ற ஒரு கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னான்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. அறையைக் காலி செய்த அன்று, கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய தொட்டி ஒன்றை எடுத்துப் பாத்திரம் ஊறப்போட்டுக்கொண்டே மெர்சி சொன்னாள். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்திருக்கும். ஊரைவிட்டுப் போகிறவன் அதற்குத் தோதானவன்.

"அன்னிக்கு இடது தொட்டியில ஒண்ணும் உசுரோட இல்ல தம்பி. தேர்வுக்கு முந்துன வாரமே வெயிலுக்கு எல்லாம் செத்து மெதந்துச்சு. இவுக படிப்பு மும்முரத்துல தொட்டிப் பக்கமே வரல; சொன்னா பரீட்சைக்கே போகமாட்டாகன்னு கமுக்கமா அள்ளிக் கொட்டிட்டேன். நான் பாட்டில்ல கொண்டு வந்தது வலது தொட்டி முட்டை. வலது ஓட்டுத் தாய்க்கும் இடது பிள்ளை பெறக்கலாம்னு இவுக சொல்வாகல்ல?"